சில்லறைக் காசில் கோளாறு: அச்சிலேயே வந்ததா, அடிபட்டு வந்ததா?



நம் குழுக்களில் சேமிப்பு, சந்தா, உள்கடன் தவணை என்று வாராவாரம் கைமாறும் பணத்தில் பாதிக்கு மேல் சில்லறைதான். பால் ஊற்றிய காசு, பூ கட்டிய காசு, வெங்காயம் ஆய்ந்த கூலி, பெட்டிக்கடைக் காசு, இதெல்லாம் 500 ரூபாய் நோட்டாக வருவதில்லை. முந்தானையிலும் சுருக்குப் பையிலும் முடிந்து கொண்டு வந்துதான் கட்டுகிறோம்.

பூலாம்பாடி, அரும்பாவூர், வேப்பந்தட்டை பக்கம் குழுக் கூட்டங்களுக்குப் போகும்போது காசைப் பற்றி மூன்று கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன.

"மேடம், இந்தக் காசு ஒரு மாதிரி இருக்கு, செல்லுமா?"

"இந்த மாதிரி காசுக்கு லட்சக்கணக்குல குடுக்கறாங்களாமே, நெசமா?"

"பேங்க்ல வாங்க மாட்டேங்கறாங்க, என்ன பண்றது?"

மூன்றுக்கும் பதில் சொல்ல வேண்டுமானால், காசில் தெரியும் கோளாறு எங்கே ஏற்பட்டது என்று பார்க்கத் தெரிய வேண்டும். அச்சடிக்கும் இடத்திலேயே ஏற்பட்டதா? வெளியே வந்த பிறகு யார் கையிலோ, எந்த ரோட்டிலோ அடிபட்டதா? இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். சமையலறையிலும் செங்கல் சூளையிலும் நாம் தினம் பார்ப்பதை வைத்தே புரிந்துகொள்ளலாம்.

காசு எப்படிப் பிறக்கிறது?

இந்தியாவில் மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், நொய்டா ஆகிய நான்கு ஊர்களில் அரசின் நாணயச் சாலைகள் இருக்கின்றன. சென்னையிலும் ஒரு காலத்தில் இருந்தது. தங்கசாலைத் தெரு என்ற பெயர் அதனால் வந்ததுதான்.

காசு செய்வதில் நான்கு படிகள் உண்டு.

1. உலோகத்தை நீளமான தகடாக உருட்டி, அதிலிருந்து வட்ட வட்டமாக வெட்டி எடுப்பார்கள். சோமாசு செய்ய மாவைப் பரத்தி டம்ளரால் வட்டம் போடுகிறோமே, அதே வேலை.

2. வெட்டிய வில்லையின் ஓரத்தை அழுத்தி, சுற்றிலும் ஒரு விளிம்பு எழுப்புவார்கள்.

3. சூடு காட்டி வில்லையைப் பதமாக்குவார்கள். அப்போதுதான் அச்சு நன்றாகப் பதியும்.

4. கீழே ஓர் அச்சு, மேலே ஓர் அச்சு, சுற்றிலும் ஒரு வளையம். நடுவில் வில்லையை வைத்து இயந்திரம் ஓங்கி ஓர் அடி அடிக்கும். ஒரே அடியில் இரண்டு பக்கமும் பதிந்துவிடும். வளையம் இருப்பதால் உலோகம் வெளியே பிதுங்காது. 10 ரூபாயில் வெளி வளையமும் நடு வட்டும் தனித்தனி உலோகம். இந்த அடியில்தான் அவை ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொள்கின்றன.

இந்த நான்கு படிகளில் எங்காவது பிசகினால் அது அச்சுக் கோளாறு. பிறவிக் குறை என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்காவது படி முடிந்து, சாக்குப் பையில் ஏறி, வங்கிக்கு வந்து, நம் கைக்கு வந்த பிறகு ஏற்பட்டது எல்லாம் சேதம். கையில் வரும் விநோதமான காசுகளில் பெரும்பாலானவை சேதமானவைதான். சரிபார்ப்பைத் தாண்டி வெளியே வரும் அச்சுக் கோளாறு மிகக் குறைவு.

முதல் பாடம்: மேடா, பள்ளமா?

செங்கல் அறுக்கிற சகோதரிகளுக்கு இது சட்டென்று விளங்கும். மர அச்சில் ஒரு கீறல் விழுந்திருந்தால், அந்த அச்சில் அறுக்கிற ஒவ்வொரு கல்லிலும் அந்த இடம் மேடாக எழும்பி நிற்கும். காய்ந்த கல்லை ஆணியால் கீறினால் அந்த இடம் பள்ளமாகும்.

காசும் அப்படியேதான். அச்சு இரும்பில் விரிசல் விட்டிருந்தால், காசின் மேல் நூல் போல ஒரு கோடு மேடாக எழும்பியிருக்கும். நகத்தால் தடவினால் தட்டுப்படும். அச்சின் ஓரம் உடைந்து விழுந்திருந்தால், காசின் விளிம்பை ஒட்டி உருவமே இல்லாத ஒரு கட்டி மேடாக இருக்கும். இவை அச்சில் வந்தவை.

நகம் உள்ளே இறங்கினால் அது கீறல். கல்லில் உரசியிருக்கலாம், கத்தி பட்டிருக்கலாம். கீறலின் இரண்டு கரையிலும் உலோகம் கொஞ்சம் பிதுங்கி, சொரசொரப்பாக இருக்கும்.

"மேடென்றால் அச்சு, பள்ளமென்றால் அடி" என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு விதிவிலக்கு உண்டு. அடிக்கும் நேரத்தில் நூலோ உலோகச் சீவலோ அச்சுக்கும் வில்லைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டால் பள்ளம் விழும். ஆனால் அந்தப் பள்ளத்தின் கரை வழவழப்பாக இருக்கும், பிதுங்கல் இருக்காது.

அச்சில் வரும் கோளாறுகள்

கடித்த மாதிரி ஓரம் குறைந்த காசு: டம்ளரால் மாவை வெட்டும்போது முன்பு வெட்டிய ஓட்டையின் மேல் டம்ளர் பட்டால், சோமாசு பிறை போல ஓரம் குறைந்து வரும். வில்லை வெட்டும்போதும் இப்படி நடப்பதுண்டு. அப்படியானால் அரத்தால் ராவி எடுத்த காசுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று, குறைந்த ஓரத்தை ஒட்டிய எழுத்துகள். அச்சில் வந்ததானால் அவை அந்த ஓரத்தை நோக்கி மெல்ல மங்கி, இழுபட்டது போல இருக்கும். ராவியதானால் எழுத்து பாதியில் கத்தரித்தது போல நிற்கும். இரண்டு, குறைந்த இடத்துக்கு நேர் எதிர்ப் பக்கத்து விளிம்பு. விளிம்பு எழுப்பும்போது ஒரு பக்கம் வெற்றிடமாக இருந்தால், எதிர்ப் பக்கத்தில் அழுத்தம் சரியாக விழாது. அதனால் எதிர் விளிம்பும் மெலிந்திருக்கும். ராவிய காசில் எதிர் விளிம்பு ஜோராக இருக்கும். இதை யாரும் வீட்டில் செய்து காட்ட முடியாது.

ஒரு பக்கம் நகர்ந்து பதிந்த காசு: வில்லை சரியாக உட்காராத நேரத்தில் அடி விழுந்தால் சிங்க முகமோ எண்ணோ ஒதுங்கிப் போய், மறுபக்கம் பிறை நிலா போல வெறும் தகடாக நிற்கும். அந்த வெற்றிடம் வழவழப்பாக இருக்கும். வெற்றிடத்தில் பழைய எழுத்தின் நிழல் தெரிந்தாலோ, தேய்த்த கோடுகள் தெரிந்தாலோ அது யாரோ செய்த வேலை.

கண்ணாடியில் தெரிவது போன்ற காசு: அடித்த காசு ஒன்று வெளியே விழாமல் மேல் அச்சிலேயே ஒட்டிக்கொண்டால், அடுத்த வில்லையின் மேல் அந்தக் காசே அச்சாகிவிடும். எழுத்தெல்லாம் தலைகீழாக, இடவலம் மாறி, உள்ளே குழிந்து பதியும். இரண்டு காசை ஒன்றின் மேல் ஒன்று வைத்துச் சுத்தியலால் அடித்தும் சிலர் இதுபோல் செய்கிறார்கள். அப்படிச் செய்ததில் முதலில் இருந்த உருவம் நசுங்கி அடியில் தெரியும். அடி வாங்கிய மறுபக்கமும் தட்டையாகியிருக்கும்.

திரும்பிப் பதிந்த காசு: 5 ரூபாய் ஒன்றை எடுத்து, சிங்க முகம் நேராக இருக்கும்படி பிடியுங்கள். புத்தகத்தின் பக்கத்தைத் திருப்புவது போல இடவலமாகத் திருப்புங்கள். மறுபக்கமும் நேராக நிற்க வேண்டும். நம் நாட்டுக் காசுகளில் இரண்டு பக்கமும் ஒரே திசையில் நிற்கும்படிதான் அடிக்கிறார்கள். சாய்ந்தோ தலைகீழாகவோ இருந்தால் அச்சு திரும்பிவிட்டது என்று அர்த்தம். இதைக் கண்டுபிடிக்கக் கருவியே வேண்டாம்.

எழுத்து விட்டுப் போன காசு: அச்சின் குழியில் எண்ணெய்ப் பிசுக்கு அடைத்துக்கொண்டால் அந்த எழுத்து மட்டும் பதியாது. இட்லித் தட்டின் குழியில் பழைய மாவு ஒட்டியிருந்தால் இட்லி வழித்தது போல வருமே, அது மாதிரி. பக்கத்து எழுத்து புத்தம் புதிதாக இருந்து ஒரே ஓர் எழுத்து மட்டும் காணாமல் போயிருந்தால் அச்சில் வந்ததாக இருக்கலாம். மொத்தக் காசும் மழுங்கியிருந்தால் அது கைபட்டுத் தேய்ந்தது. தேய்மானம் எப்போதும் உயரமான இடத்தில் முதலில் தொடங்கும். சிங்கத்தின் முகம் முதலில் மழுங்கும், பள்ளத்தில் இருப்பது கடைசியில் மழுங்கும்.

10 ரூபாயின் நடு வட்டு: நடு வட்டு ஒதுங்கி வெளி வளையத்துக்குள் புகுந்திருக்க, அதன் மேல் உருவம் முறியாமல் தொடர்ந்து ஓடினால் அது அச்சில் வந்தது. நடு வட்டு கழன்று வெறும் வளையம் மட்டும் கிடைத்தால், பெரும்பாலும் யாரோ தட்டி எடுத்ததுதான். உள் ஓரத்தில் அடித்த வடு தெரியும்.

அடிபட்ட காசின் அடையாளங்கள்

தார் ரோட்டில் விழுந்து லாரி ஏறிய காசு, ரயில் தண்டவாளத்தில் பிள்ளைகள் வைத்து எடுத்த காசு, தாயத்துக்கும் தாலிக்கயிற்றுக்கும் ஓட்டை போட்ட காசு, சலவை இயந்திரத்துக்குள் மாட்டிச் சுழன்று விளிம்பு உருண்டு போன காசு. இவை எல்லாம் சேதம்தான்.

நிறம் மாறிய காசைப் பார்த்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள். அடுப்பில் விழுந்த எஃகுக் காசு நீலமும் கறுப்புமாக மாறும். பித்தளை நிற 5 ரூபாயைப் புளியிலோ எலுமிச்சையிலோ ஊறவைத்தால் மேலே உள்ள துத்தநாகம் கரைந்து செம்பு நிறம் தெரியும். கிணற்றிலும் உண்டியலிலும் கிடந்தது பச்சை பிடிக்கும். "செம்புல அடிச்ச 5 ரூபா, ரொம்ப அபூர்வம்" என்று யாராவது சொன்னால், முதலில் அது புளிக்கரைசலில் குளித்ததா என்று யோசியுங்கள்.

இன்னொரு விஷயம். வித்தியாசமான காசு கிடைத்தால் சாம்பல் போட்டுத் துலக்காதீர்கள். துலக்கிய காசில் அச்சின் மேற்பரப்பே போய்விடும். பிறகு அது எங்கே கெட்டது என்று யாராலும் சொல்ல முடியாது. காசு சேர்ப்பவர்களும் துலக்கிய காசை விரும்ப மாட்டார்கள்.

கோளாறே இல்லாதவை

கூட்டங்களில் "கோளாறு" என்று காட்டுகிற காசுகளில் பாதி, கோளாறே இல்லாதவை. இவற்றைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

ஆண்டுக்குக் கீழே உள்ள சின்னக் குறி: காசில் ஆண்டுக்கு அடியில் உற்றுப் பாருங்கள். வைர வடிவம் இருந்தால் மும்பையில் அடித்தது. நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத். புள்ளி இருந்தால் நொய்டா. எதுவுமே இல்லாவிட்டால் கொல்கத்தா. 1980களிலும் 1990களிலும் காசுப் பற்றாக்குறை வந்தபோது சில காசுகளை வெளிநாடுகளிலும் அடித்து வாங்கினார்கள். அவற்றில் வேறு குறிகள் இருக்கும். இவை ஊர் அடையாளம். பிழை அல்ல.

நினைவு நாணயங்கள்: 1995-ல் தஞ்சாவூரில் நடந்த எட்டாம் உலகத் தமிழ் மாநாட்டுக்காகத் திருவள்ளுவர் உருவத்துடன் காசு வந்தது. காமராசர் நூற்றாண்டுக்கு 2003 என்று ஆண்டு போட்ட 5 ரூபாய் வந்தது. 2009-ல் அண்ணா நூற்றாண்டுக்கு அவருடைய தமிழ்க் கையெழுத்தோடு 5 ரூபாய் வந்தது. தஞ்சைப் பெரிய கோவிலின் ஆயிரமாவது ஆண்டுக்கு 2010 என்று ஆண்டு போட்ட 5 ரூபாய் வந்தது. 2012-ல் வைஷ்ணவ தேவி கோவில் வாரியத்தின் வெள்ளிவிழாவுக்கு 5 ரூபாயும் 10 ரூபாயும் வந்தன. இவை அரசே திட்டமிட்டு, புழக்கத்துக்கென்றே ஏராளமாக அடித்தவை. 2025 ஜூலை 27 அன்று நம் பக்கத்து அரியலூர் மாவட்டத்தில், கங்கைகொண்ட சோழபுரத்தில், ராஜேந்திர சோழன் நினைவு நாணயத்தைப் பிரதமர் வெளியிட்டார்.

ஒரே மதிப்பு, வேறு வேறு உருவம்: பழைய 2 ரூபாய்க்குப் பதினோரு மூலை. பிறகு வந்த எஃகு 2 ரூபாய் வட்டம். பழைய 5 ரூபாய் தடித்து 9 கிராம் இருந்தது. பிறகு வந்த பித்தளை நிற 5 ரூபாய் அதைவிட எடை குறைவு. 2020-ல் புழக்கத்துக்கு வந்த 20 ரூபாய்க்குப் பன்னிரண்டு பக்கம். எல்லாமே சரியான காசுதான்.

காந்தம்: "காந்தத்துல ஒட்டினா கள்ளக் காசு" என்று ஒரு பேச்சு உண்டு. 1992 முதல் வந்த 1 ரூபாய் எஃகுக் காசு காந்தத்தில் ஒட்டும். அதற்கு முந்தைய செம்பு-நிக்கல் 1 ரூபாய் ஒட்டாது. இரண்டும் அரசு அடித்தவை. எனவே காந்தத்தை வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

10 ரூபாய்: நம் மாநிலத்தில் அதிகம் வாயில் விழுந்த காசு இதுதான். "10 கோடு இருந்தா நல்லது, 15 கோடு இருந்தா கள்ளம்", "ரூபாய்க் குறி இல்லாதது செல்லாது" என்றெல்லாம் வதந்தி பரவி, பல ஊர்களில் கடைக்காரரும் வாங்கவில்லை, பேருந்திலும் வாங்கவில்லை. உண்மை என்ன? ரூபாய்க்கான குறியை அரசு ஏற்றதே 2010 ஜூலையில்தான். அந்தக் குறியோடு காசு வந்தது 2011-ல். அதற்கு முன்பு அடித்ததில் குறி எப்படி இருக்கும்? 2016 நவம்பரிலும், மறுபடி 2018 ஜனவரி 17 அன்றும் ரிசர்வ் வங்கி அறிக்கை விட்டது. அதுவரை வந்த 14 வடிவ 10 ரூபாய்களும் செல்லும் என்று தெளிவாகச் சொன்னது. பிறகு வந்த வடிவங்களும் செல்லும். 2022-ல் தருமபுரி மாவட்டத்தைச் சேர்ந்த ஒருவர் 6 லட்சம் ரூபாயை 10 ரூபாய்க் காசுகளாகவே சேர்த்துக் கொண்டுபோய்க் கார் வாங்கி, இதை ஊருக்கே புரியவைத்தார்.

25 பைசாவும் அதற்குக் கீழே உள்ளவையும் மட்டும் 2011 ஜூன் 30 முதல் செல்லாது. 50 பைசா இன்றும் செல்லும்.

"லட்சம் தர்றோம்" என்பவர்கள்

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இவ்வளவு விளக்கமும் இதற்காகத்தான்.

நம் பகுதியில் ஒரு சகோதரி. பெயர் வேண்டாம். கைப்பேசியில் ஒரு வீடியோ பார்த்திருக்கிறார். வைஷ்ணவ தேவி படம் போட்ட 5 ரூபாய்க்கு 5 லட்சம் என்று அதில் சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் தேடினால் சாமி மாடத்திலேயே அந்தக் காசு இருந்தது. வீடியோவில் இருந்த எண்ணுக்குப் படம் அனுப்பினார். "வாழ்த்துகள் மேடம், உங்க காசு தேர்வாயிடுச்சு" என்று பதில் வந்தது. ரிசர்வ் வங்கி முத்திரை மாதிரி ஒன்று போட்டு ஒரு கடிதமும் வந்தது. முதலில் பதிவுக் கட்டணம் 1,250 ரூபாய் கேட்டார்கள், கட்டினார். அடுத்து வரி என்று 6,500 ரூபாய் கேட்டார்கள். அதற்காகக் குழுவில் அவசர உள்கடன் கேட்டார்.

குழுவில் நல்ல காலமாக ஒரு பழக்கம் இருந்தது. எவ்வளவு அவசரமானாலும் கடன் எதற்கு என்று எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். சொன்னதும் ஒரு மூத்த உறுப்பினர் கேட்டார்: "ஏம்மா, அஞ்சு லட்சம் குடுக்கறவன் அந்த வரியைக் கழிச்சுக்கிட்டு மீதியைக் குடுக்க வேண்டியதுதானே? நம்மகிட்ட எதுக்கு முன்பணம் கேக்கறான்?"

கூட்டமே அமைதியாகிவிட்டது. கடன் கொடுக்கவில்லை. அந்தச் சகோதரிக்கு அன்று கோபம். ஒரு வாரம் கழித்து அந்த எண் அணைந்துவிட்டது. 1,250 ரூபாய் போனது போனதுதான். ஆனால் குழுப் பணம் 6,500 தப்பியது. அவர் தலையில் வட்டியோடு ஏறவிருந்த கடனும் தப்பியது.

இது அவர் ஒருவருடைய கதை மட்டுமல்ல. 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே பொதுமக்களுக்கு எச்சரிக்கை விட்டது. பழைய காசு, நோட்டு வாங்கி விற்கும் வேலையில் அது ஈடுபடுவதில்லை. அதற்காகக் கட்டணமோ கமிஷனோ யாரிடமும் கேட்பதில்லை. தன் பெயரில் வசூலிக்க எந்த நிறுவனத்துக்கும் ஆளுக்கும் அனுமதி கொடுக்கவும் இல்லை. கடிதத்தில் எந்த முத்திரை இருந்தாலும் சரி, நம்பாதீர்கள்.

அப்படியானால் அச்சுக் கோளாறுக் காசுக்கு மதிப்பே இல்லையா? உண்டு. காசு சேர்ப்பதையே பொழுதுபோக்காக வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். நன்றாக நகர்ந்து பதிந்தது, கண்ணாடி போல் பதிந்தது போன்றவற்றை அவர்கள் முகமதிப்பைவிடக் கூடுதலாகக் கொடுத்து வாங்குவார்கள். ஆனால் சின்ன விரிசல் கோட்டுக்கும் மங்கிய எழுத்துக்கும் பெரிதாக எதுவும் கிடைக்காது. சேதமான காசுக்கும் புழக்கத்தில் ஏராளமாக உள்ள நினைவு நாணயத்துக்கும் லட்சம் கிடைக்காது. உண்மையாக வாங்குபவர் காசை நேரில் பார்ப்பார், எடை போடுவார், கையில் பணம் கொடுப்பார். நம்மிடம் பணம் கேட்க மாட்டார். இதுதான் உரைகல்.

ஏற்கனவே பணம் கட்டி ஏமாந்திருந்தால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். அது இணையவழிப் பண மோசடிக்கான உதவி எண். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு தூரம் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு உண்டு.

சட்டம் என்ன சொல்கிறது?

2011-ஆம் ஆண்டு நாணயச் சட்டத்தில் இருந்து நமக்குத் தேவையானதை மட்டும் சொல்கிறேன்.

1 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள காசுகளை ஒரு தடவையில் 1,000 ரூபாய் வரை கொடுத்தால் அது சட்டப்படி செல்லும் பணம். 50 பைசாவானால் 10 ரூபாய் வரை.

சாதாரணமாகப் புழங்கித் தேய்ந்த காசு வேறு, சிதைத்த காசு வேறு. வெட்டியது, ராவியது, மேலே முத்திரை குத்தியது, இப்படிப் புழக்கத் தேய்மானம் அல்ல என்று பார்த்தவுடனே தெரிகிற மாற்றம் செய்ததைச் சட்டம் சிதைத்த காசு என்கிறது. அது செல்லும் பணம் ஆகாது. தாயத்துக்கு ஓட்டை போட்ட 5 ரூபாய் இந்த வகையில் வரும். காசை உருக்குவதும் அழிப்பதும் தண்டனைக்குரிய குற்றம். பாத்திரக் கடைக்கோ பழைய இரும்புக் கடைக்கோ எடைக்குப் போடக் கூடாது.

வங்கிக் கிளை எதுவும் காசை வாங்க மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி பல தடவை உத்தரவு போட்டிருக்கிறது. கணக்கில் கட்டுவதற்குக் காசுக்கு உச்சவரம்பும் இல்லை. நம் பக்கமும் கொஞ்சம் ஒத்துழைப்போம். வகை வகையாகப் பிரித்து, நூறு நூறாகப் பாலிதீன் பையில் கட்டிக் கொண்டுபோனால் எண்ணுவதற்குச் சுலபம். அப்படியும் மறுத்தால் மேலாளரிடம் குழுவின் பெயரில் எழுத்து மூலம் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம்.

பழங்காலப் புதையல் காசு தனி விஷயம். குளம் வெட்டும்போதோ அஸ்திவாரம் தோண்டும்போதோ மண்ணுக்குள் பழைய காசு கிடைத்தால், அது 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தில் வரும். மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லித் தொடங்கலாம். ரகசியமாக விற்கப் போய் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

குழுவில் என்ன செய்யலாம்?

ஒரு குழுவில் நடந்ததைச் சொல்கிறேன். விளிம்பில் மேடு இருந்த 10 ரூபாய்க் காசை ஓர் உறுப்பினர் சேமிப்புக்குக் கொடுத்தார். பிரதிநிதி வாங்கவில்லை. அந்த வாரம் அவருக்கு வேறு காசு இல்லை. கணக்கு நோட்டில் "பாக்கி" என்று விழுந்தது. தவறாமல் கட்டிவந்தவருக்கு அது பெரிய மனவருத்தம். அந்தக் காசை யாரும் வெட்டவில்லை, ராவவில்லை. அச்சு விரிசலால் வந்த மேடுதான் அது. முகமதிப்புக்கு வாங்கியிருக்கலாம்.

ஆகவே ஊக்குநரும் பிரதிநிதிகளும் கீழே உள்ளதை ஒரு தீர்மானமாகவே எழுதி வையுங்கள்.

1. அரசு அடித்த எந்த வடிவ 1, 2, 5, 10, 20 ரூபாயையும் குழுவில் வாங்குவோம். 50 பைசாவும் வாங்குவோம்.

2. தேய்ந்தது, கறை பிடித்தது, அச்சில் சின்னக் கோளாறு உள்ளது என்ற காரணத்துக்காக உறுப்பினரின் காசைத் திருப்ப மாட்டோம்.

3. வெட்டியது, ஓட்டை போட்டது, நடு வட்டு கழன்றது ஆகியவற்றைக் காரணம் சொல்லித் திருப்பிக் கொடுப்போம். யாரையும் குற்றவாளி மாதிரி பேச மாட்டோம். அந்தக் காசு அவருக்கும் யாரோ கொடுத்ததுதான்.

4. எழுத்தெல்லாம் குழைந்து, எடையும் குறைந்து கள்ளக் காசு என்ற சந்தேகம் வந்தால் மறுபடி புழக்கத்தில் விடாமல் வங்கியில் காட்டுவோம்.

5. காசு, நோட்டு விற்பதற்கு முன்பணம் கட்ட என்று உள்கடன் கேட்டால் கொடுக்க மாட்டோம். கேட்டவரோடு உட்கார்ந்து விசாரிப்போம்.

அடுத்த கூட்டத்துக்கு ஒரு சின்னப் பயிற்சி. ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து வித்தியாசமாகத் தெரியும் ஒரு காசு கொண்டு வாருங்கள். வெளிச்சமான இடத்தில் வட்டமாக உட்கார்ந்து, ஒவ்வொரு காசுக்கும் நான்கு கேள்வி கேளுங்கள்.

மேடா, பள்ளமா?
உருவம் அடியில் நசுங்கியிருக்கிறதா, அல்லது பதியவே இல்லையா?
எதிர் விளிம்பு எப்படி இருக்கிறது?
இது வேறு வருடத்து வடிவமோ, நினைவு நாணயமோ, ஊர்க் குறியோ?

படிக்கத் தெரியாத சகோதரிகளுக்கும் இதில் சம பங்கு உண்டு. நகத்தால் தடவிப் பார்ப்பதில் அவர்கள்தான் முதலில் கண்டுபிடிக்கிறார்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். ஆண்டைப் படித்துச் சொல்லவும், வீடியோவைப் பார்த்து அடுத்த தடவை ஏமாறாமல் இருக்கவும் அவர்களுக்கும் இது உதவும்.

கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். கைப்பேசியில் கண்டதற்கும் இது பொருந்தும். தனியாக விசாரித்தால் தயக்கம் வரும். இருபது பேர் சேர்ந்து விசாரிக்கத்தான் குழு இருக்கிறது.

உங்கள் குழுவில் பார்த்த விநோதக் காசுகளைப் பற்றிக் கூட்டமைப்புக் கூட்டத்தில் சொல்லுங்கள். காசைக் கொடுத்து அனுப்ப வேண்டாம். விவரம் மட்டும் போதும்.